ஷேக்கர் டோர் செய்யறேன், ஷேக்கர்னா யாருங்க?

இழைப்புளி, கோவை:

வணக்கமுங்க. சிங்காநல்லூர் பக்கம் சின்னதா ஒரு மரப்பட்டறை வெச்சிருக்கறேன். நானும் ரெண்டு பசங்களும்தான். இப்ப வர்ற மாடுலர் கிச்சன் ஆர்டர்ல பாதிக்கு மேல ஷேக்கர் டோர்தான் கேக்கறாங்க. தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: நாலு பக்கமும் தட்டையா சட்டம், நடுவுல கொஞ்சம் உள்வாங்கின பலகை. பூ வேலை கெடையாது, ஓரத்துல வளைவு கெடையாது. எங்கப்பா தேக்குல காடி எடுத்து, கழுந்து பூட்டி இதையேதான் செஞ்சாரு. அப்ப அதுக்குப் பேரே இல்லீங்க. இப்ப போர்டை மெஷின்ல குடைஞ்சு பெயின்ட் அடிச்சா ஷேக்கர்னு சொல்லி சதுரடிக்குச் சேர்த்து வாங்கறோம்.

போன வாரம் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனப்ப, அங்க இருந்த ரிட்டயர்டு டீச்சரம்மா "ஷேக்கர்னா என்னப்பா, கம்பெனி பேரா?"ன்னு கேட்டாங்க. ஆமாங்கம்மா, ஜெர்மன் கம்பெனின்னு அடிச்சு விட்டுட்டு வந்துட்டேன். ராத்திரி மனசு கேக்கல. அக்கா மகன் போன்ல தேடிப் பார்த்துட்டு, "மாமா, அது அமெரிக்காவுல ஒரு கிறிஸ்தவக் கூட்டம், கல்யாணமே பண்ணிக்க மாட்டாங்களாம், இப்ப ரெண்டு மூணு பேருதான் மிச்சமாம்"ங்கறான்.

நெசமுங்களா? அந்த ரெண்டு மூணு பேரு காலைல எந்திரிச்சு என்ன பண்ணுவாங்க? இன்னும் மரவேலை செய்யறாங்களா? வேலை தெரிஞ்ச கை எதுக்குங்க இத்தனை மொட்டையா செய்யணும்? நேர்ல பார்த்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. நெட்டுல இருக்கறதை எடுத்து ஒட்டாதீங்க, அதை அவனே படிச்சுக் காட்டிட்டான்.

சும்மா_சொன்னேன்:

ஓட்ஸ் டப்பாவுல தொப்பி போட்ட தாத்தா இருப்பாரே, அவருதானே?

பனிமல்லி, மெய்ன்:

தொப்பித் தாத்தா குவேக்கர், அது வேறொரு கிறிஸ்தவக் கூட்டம். இவர்கள் ஷேக்கர். ஆனால் நீங்கள் கேட்டது முழுத் தப்பும் இல்லை. ஆரம்பத்தில் இவர்களை "ஷேக்கிங் குவேக்கர்ஸ்" என்றுதான் ஊர் கேலி செய்தது. ஜெபத்தில் உடம்பு நடுங்கும், ஆடும், சுழலும், அதனால் வந்த பட்டப்பெயர். பிறகு அவர்களே அதை வைத்துக்கொண்டார்கள்.

இழைப்புளி அண்ணா, அவர்கள் இருக்கிறார்கள். நான் குடியிருப்பது மெய்ன் மாநிலத்தில் ஆபர்ன் என்ற ஊர். அமெரிக்கப் படத்தில் வலது மேல் மூலையில், கனடாவுக்குள் முட்டிக்கொண்டு நிற்குமே, அந்த மாநிலம். இங்கிருந்து அரைமணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம். நியூ குளோஸ்டர் என்ற ஊர்ப்பக்கம், 26-ஆம் எண் சாலையில் ஒரு மேட்டில் வெள்ளைக் கட்டடங்கள், நடுவில் ஒரு பெரிய செங்கல் வீடு, இறங்கினால் ஏரி. சாபத்டே லேக் ஷேக்கர் கிராமம். உலகத்தில் ஷேக்கர்கள் ஷேக்கர்களாக வாழ்கிற இடம் இன்று இது ஒன்றுதான். மற்ற ஊர்களில் இருப்பவை மியூசியங்கள்.

நான் ஆஸ்பத்திரி லேபில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவள். அந்த 26-ஆம் எண் சாலையில் நாலு வருஷம் போய்வந்தும், அது ஏதோ பழைய பண்ணை என்றே நினைத்திருந்தேன். 2018 கோடையில் ஒரு நாள் ஆப்பிள் வாங்கலாம் என்று வண்டியை நிறுத்தினோம். ஆப்பிளுக்கு இன்னும் மாசமாகும், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆராதனை உண்டு, யாரும் வரலாம் என்றார்கள். என் வீட்டுக்காரர் தூங்க வேண்டும் என்றார். மறுவாரம் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்தக் கூடத்தைப் பற்றி உங்களிடம்தான் சொல்ல வேண்டும், மற்றவர்களுக்குப் புரியாது. 1794-இல் கட்டியது. மோசஸ் ஜான்சன் என்ற தச்சர் வைத்த சட்டம். நியூ இங்கிலாந்துப் பக்கம் ஷேக்கர்களின் ஆராதனைக் கூடங்கள் பலவற்றுக்கும் சட்டம் வைத்தது அவர்தான். உள்ளே தூண் கிடையாது. ஒரு தூண்கூட. ஆடுகிறவர்களுக்கு இடம் வேண்டுமே, அதனால் மேலே உத்தரங்களைக் கோத்துப் பாரத்தை எல்லாம் சுவருக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். சுவர் வெள்ளைச் சாந்து, மரம் எல்லாம் ஒரு கரும் நீலம். அந்த நீலம் 1794-இல் அடித்தது, அதற்குமேல் இதுவரை யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. உங்கள் பெயின்ட்டுக்கு எத்தனை வருஷம் கேரன்ட்டி தருகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

முன்பக்கம் இரண்டு வாசல். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் பின்னாலேயே போய்விட்டேன். வாசலில் நின்ற ஒரு வயசான அம்மா, என்னைப்போலப் பார்க்க வந்தவர்தான், முழங்கையைத் தொட்டு மற்ற வாசலைக் காட்டினார். உள்ளே போனால் பெஞ்சுகள் எதிரெதிரே, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எங்கள் ஊர்க் கோயிலில் சின்ன வயதில் பாயில் உட்கார்ந்த ஞாபகம் வந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் அவரும் நானும் முகத்துக்கு முகம் பார்த்தபடி. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவ்வளவு நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பீடம் இல்லை, சிலுவை இல்லை, வாத்தியம் இல்லை. வேதம் வாசித்தார்கள். அதன்பின் யாருக்குச் சொல்லத் தோன்றுகிறதோ அவர்கள் எழுந்து இரண்டு வார்த்தை சாட்சி சொல்லலாம், வந்தவர்களும் சொல்லலாம். ஒருவர் சொல்லி உட்கார்ந்ததும் யாராவது ஒரு பாட்டை எடுப்பார்கள், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பட்டியல் கிடையாது. நடுவில் மௌனம் வந்தால் மௌனம்தான், யாரும் அதை நிரப்ப அவசரப்படுவதில்லை. ஜன்னலில் ஈ மோதுகிற சத்தம் கேட்டது. பழைய சுழல் ஆட்டமெல்லாம் போன நூற்றாண்டின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. சில பாட்டுக்குக் கை அசைவு மட்டும் இன்னும் இருக்கிறது.

எத்தனை பேர் என்று கேட்டீர்கள். 2017 ஜனவரியில் சிஸ்டர் ஃபிரான்சஸ் கார் 89 வயதில் மறைந்தபோது மிஞ்சியவர்கள் இரண்டே பேர்: 1978-இல் இளைஞராக வந்து சேர்ந்த பிரதர் ஆர்னல்ட் ஹேட், முன்பு நூலகராக இருந்த சிஸ்டர் ஜூன் கார்ப்பென்டர். (பேரிலேயே உங்கள் தொழில்!) அதன்பின் இன்னொரு சகோதரி சேர்ந்திருக்கிறார். அந்தக் கூடத்தில் நான் போன அன்று முப்பது பேருக்கு மேல் இருந்தோம். ஷேக்கர்கள் இருவர், மிச்சம் எங்களைப்போல் சுற்றுப்பட்டில் இருந்து வருகிறவர்கள்.

காலையில் எழுந்து என்ன செய்வார்கள்? ஏழரைக்கு அந்தச் செங்கல் வீட்டின் பெரிய மணி அடிக்கும், காலைச் சாப்பாடு. எட்டு மணிக்கு ஜெபம்: இரண்டு சங்கீதம், வேதத்தில் வேறொரு பகுதி, வாய்விட்டு ஜெபம், மௌன ஜெபம், கடைசியில் ஒரு ஷேக்கர் பாட்டு. எட்டரைக்கு வேலை. பதினொன்றரைக்கு வேலையைப் போட்டுவிட்டு மறுபடி ஜெபம், பன்னிரண்டுக்கு மதியச் சாப்பாடு, அன்றைக்குப் பெரிய சாப்பாடு அதுதான். ஒரு மணிக்குத் திரும்ப வேலை, ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு. புதன்கிழமை மாலை ஐந்துக்கு ஜெபக் கூட்டம், அது முடிந்து படிப்பு வகுப்பு. சாப்பாட்டு அறையில் சகோதரர் மேசை வேறு, சகோதரிகள் மேசை வேறு. இத்தனை பேர்தானே இருக்கிறோம், ஒரே மேசை போதாதா என்று அவர்களுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

புது வசதிகளை ஒதுக்கி வாழ்கிற ஆமிஷ் கூட்டம் போல என்று நினைத்துவிடாதீர்கள். குதிரை வண்டி, விளக்கு எல்லாம் இல்லை. கார் உண்டு, கம்ப்யூட்டர் உண்டு. புது மெஷின் வந்தால் ஷேக்கர்கள் முதலில் வாங்குகிற ஆட்கள், இல்லாவிட்டால் தாங்களே செய்துகொள்கிறவர்கள். நாம் பெருக்குகிற தட்டைத் துடைப்பம், விதையைச் சின்னக் காகித உறையில் போட்டு விற்பது, பெரிய சலவை இயந்திரம், இவற்றிலெல்லாம் அவர்கள் கை உண்டு. வேலையைச் சீக்கிரம் முடித்தால் ஜெபத்துக்கு நேரம்.

இன்றைய வேலை: ஆடு வளர்ப்பு, கம்பளி, தோட்டம், மூலிகை. 1799-இலேயே மூலிகை வியாபாரம் தொடங்கியவர்கள். நடுவில் படுத்துப்போனது, பிறகு எழுப்பினார்கள். 1824-இல் கட்டிய மூலிகைக் கட்டடத்தைச் செப்பனிடும் வேலையையும் கையில் எடுத்தார்கள். டின்னில் போட்டுத் தபாலில் அனுப்புகிறார்கள். அவர்களுடைய புதினா டீ டின் ஒன்று என் அடுக்களையில் இருக்கிறது. இப்போது அதில் சீரகம்.

மரவேலை பற்றி எழுதத் தொடங்கினால் இன்னும் நீளும். ஷிஃப்ட்டுக்குக் கிளம்ப வேண்டும். நாளைக்கு எழுதுகிறேன்.

நாசரேத்_தம்பி:

அக்கா, நல்ல பதிவு. நான் சி.எஸ்.ஐ. குடும்பம், தாத்தா உபதேசியார். ஒரு சந்தேகம். இந்தக் கூட்டத்தைத் தொடங்கிவைத்த ஆன் லீ என்ற பெண்ணைத்தான் இவர்கள் கிறிஸ்துவின் இரண்டாம் வருகை என்று கும்பிடுகிறார்கள் என்று படித்தேன். அப்படியானால் கிறிஸ்தவம் என்று எப்படிச் சொல்வது?

பனிமல்லி, மெய்ன்:

தம்பி, இதை நானும் அப்படித்தான் கேள்விப்பட்டுப் போனேன். சாபத்டே லேக்கில் அப்படிச் சொல்வதில்லை. கும்பிடுவதும் இல்லை. மேகத்தின்மேல் ஒருவர் இறங்கி வருவார் என்று எல்லோரும் காத்திருக்க, கிறிஸ்துவின் ஆவி மனுசருக்குள் வந்து தங்குவதுதான் இரண்டாம் வருகை, அது தொடங்கியாகிவிட்டது என்பது அவர்கள் விசுவாசம். அப்படி உணர்ந்தவர்களில் மதர் ஆன் (ஆன் லீயை அப்படித்தான் சொல்வார்கள்) முதல் ஆள், அவ்வளவே. பழைய நாட்களில் அவரைக் கூடுதலாக உயர்த்திப் பேசியவர்கள் இருந்தார்கள், அதையும் மறைக்க வேண்டாம். தண்ணீர் ஞானஸ்நானம் இல்லை, அப்பமும் ரசமும் இல்லை. செய்த தப்பை வாய்விட்டு அறிக்கையிடுவது உண்டு. கடவுள் தகப்பனும் தாயுமாக இருக்கிறார் என்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு ஊரிலும் மூப்பனுக்குச் சரியாக மூப்பத்தியும் இருந்தார்கள், 1780-களில் இருந்தே. நம் சபைகளில் பெண்ணுக்கு அங்கி கிடைத்தது எப்போது என்று உங்கள் தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

ஆன் லீ யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1736-இல் மான்செஸ்டரில் பிறந்தவர். கொல்லன் மகள், நெசவு ஆலை வேலை, எழுதப் படிக்கத் தெரியாது. கட்டிவைத்ததும் ஒரு கொல்லனுக்கு. நான்கு பிள்ளைகள், நான்கும் சின்னதிலேயே போய்விட்டன. ஆராதனையில் கூச்சல் போட்டார்கள் என்று சிறையில் வைத்தார்கள். அங்கே 1770-இல் கண்ட தரிசனத்தில்தான், மனுசனைக் கடவுளிடமிருந்து பிரிப்பது காமம் என்ற முடிவுக்கு வந்தார். படித்தவர்கள் இதற்கு என்னென்னவோ விளக்கம் சொல்கிறார்கள். நான் பிரசவ வார்டு ரத்தப் பரிசோதனைகளைத் தினமும் பார்க்கிறவள், நான்கு பிள்ளைகளைப் புதைத்தவள் என்ற ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன்.

1774 ஆகஸ்ட் 6-ஆம் தேதி எட்டுப் பேரோடு நியூயார்க்கில் கப்பல் இறங்கினார். பத்து வருஷம்தான், 1784-இல் இறந்துவிட்டார். ஆகஸ்ட் 6 இங்கே இன்னும் திருநாள்.

ராஜபாளையத்தான்:

மன்னிக்கவும், எதிர்க் கருத்து. பிள்ளையே பெறக்கூடாது என்று ஒரு மதம் வைத்தால் அது அழியத்தானே செய்யும்? இதில் வியக்க என்ன இருக்கிறது? கணக்குத் தெரியாத கூட்டம்.

பனிமல்லி, மெய்ன்:

இருநூற்றைம்பது வருஷமாக அழிந்துகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துறவு மடம் எதுவும் பிள்ளை பெற்று நடப்பதில்லை. ஆள் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மெய்னில் இருந்து கென்டக்கி வரை பதினெட்டுக்கும் மேற்பட்ட கிராமங்கள், நாலாயிரத்துக்கு மேல் ஆட்கள். குடும்பமாக வந்து சேருவார்கள். புருசன் பெண்டாட்டி அண்ணன் தங்கையாகிவிடுவார்கள், பிள்ளைகள் ஊர்ப் பிள்ளைகள். அநாதைப் பிள்ளைகளையும் எடுத்து வளர்த்தார்கள். வளர்ந்தபின் இருக்கலாம், போகலாம். பெரும்பாலும் போனார்கள். பிறகு தொழிற்சாலை நாற்காலி மலிவாக வந்தது, பையன்களுக்கு டவுனில் சம்பளம் கிடைத்தது, அநாதை இல்லங்கள் வேறு வந்துவிட்டன. ஆண்கள் முதலில் குறைந்தார்கள், கிராமங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன.

இன்னொன்று. 1960-களில் நியூ ஹாம்ப்ஷயரில் கான்டர்பரி என்ற ஊரில் இருந்த தலைமை, இனிப் புது ஆட்களைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தது. சொத்தைப் பார்த்து ஆள் வருவார்களோ என்ற பயமும் அதில் உண்டு. சாபத்டே லேக் ஒத்துக்கொள்ளவில்லை. கதவை நாங்கள் சாத்த முடியாது, அது எங்களுடையது இல்லை என்ற நிலை. இரண்டு ஊருக்கும் கசப்பு வந்து, பேச்சுவார்த்தை அறுந்து, வருஷக்கணக்காக நீடித்தது. 1992-இல் கான்டர்பரியின் கடைசிச் சகோதரி போனார். அங்கே இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். இங்கே மணி அடிக்கிறது.

சேருவது சும்மா இல்லை. கடிதம் எழுத வேண்டும், வந்து தங்கிப் பார்க்க வேண்டும், கடன் இருக்கக்கூடாது, நம்பி யாரும் இருக்கக்கூடாது, பல வருஷம் புதுமுகமாக இருந்தபின்தான் உடன்படிக்கையில் கையெழுத்து. அதன்பின் தன் பேரில் எதுவும் கிடையாது. கேட்டு வருகிறவர்கள் உண்டு, நிலைக்கிறவர்கள் அபூர்வம். 2006-இல் ஒரு சகோதரர் கல்யாணம் செய்துகொள்ள வெளியே போனார். அதில் மூடிமறைக்க எதுவும் இல்லை என்பதுபோல்தான் இங்கே பேசிக்கொள்கிறார்கள்.

ஒரு கைவிரலில் ஒரு குழந்தை எண்ணிவிடுகிற அளவுக்கு ஆள் குறையும்போது திரும்பத் தழைக்கும் என்று ஆதியில் ஒரு வாக்கு உண்டாம். நான் விஞ்ஞானம் படித்தவள், எனக்கு இதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 2007-இல் அவர்கள் செய்ததைப் பாருங்கள்: சுமார் 1,700 ஏக்கர் காடும் வயலும் ஏரிக்கரையும், மனை போட்டால் கோடிகள். எந்தக் காலத்திலும் அதில் வீட்டுமனை போடக்கூடாது என்று சட்டப்படி எழுதிவைத்துவிட்டார்கள். மூட நினைக்கிறவர்கள் செய்கிற காரியமா அது? கணக்குத் தெரியாது என்கிறீர்கள். இருக்கலாம்.

ராஜபாளையத்தான்:

சரி. மனைக் கணக்கைப் போட்டு வாயை அடைத்துவிட்டீர்கள்.

பழையதாள்:

குறுக்கே ஒரு தகவல். டால்ஸ்டாய்க்கும் நியூயார்க் மாநிலத்தில் மவுன்ட் லெபனான் என்ற ஷேக்கர் கிராமத்தின் மூப்பர் ஃபிரடெரிக் எவன்ஸுக்கும் 1890 வாக்கில் கடிதப் போக்குவரத்து இருந்திருக்கிறது. பிரம்மச்சரியமும் அகிம்சையும் டால்ஸ்டாய்க்குப் பிடித்தது. சொத்தைக் காக்க அரசைச் சார்ந்திருக்கிறீர்களே என்று மடக்கியும் கேட்டிருக்கிறார். அதே எவன்ஸ் உள்நாட்டுப் போரின்போது லிங்கனை நேரில் பார்த்து, எங்கள் ஆட்கள் துப்பாக்கி தொடமாட்டார்கள் என்று விலக்குக் கேட்டு வாங்கியவர்.

இழைப்புளி, கோவை:

அம்மணி, ரெண்டு தடவை படிச்சுட்டேன், பசங்களுக்கும் படிச்சுக் காட்டினேன். தூண் இல்லாத கூடம்னதும் பெரியவன், மாரிங்கறவன், வேலையை நிறுத்திட்டான். மரவேலை பத்திச் சொல்றேன்னு சொன்னீங்களே.

பனிமல்லி, மெய்ன்:

சொல்கிறேன். தெரிந்த அளவுக்குத்தான், நான் ரத்தத்தை வைத்துப் பிழைக்கிறவள்.

மொட்டையாகச் செய்தது ஏன் என்றால், அவர்களுக்கு அது சட்டம். 1845-இல் எழுதிய ஊர் விதிகளில், வெறும் அழகுக்காக ஓர இழைப்பும் விளிம்பு வளைவும் விசுவாசிகள் செய்யலாகாது என்றே இருக்கிறது. அழகு வேண்டாம் என்பதில்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டாதே என்பது. மட்ட மரத்துக்கு மேலே உயர்ந்த மரத் தோல் ஒட்டுவது அவர்களுக்குப் பொய் சொல்வதுபோல. (போர்டு, மெஷின், பெயின்ட் என்று நீங்கள் சொன்னதை நினைத்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

அறைகளில் சுவர் முழுக்க ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பட்டை ஓடும், அதில் வரிசையாக மர முளைகள். சட்டை, தொப்பி, கடிகாரம் எல்லாம் அதில். பெருக்கும்போது நாற்காலியையும் தலைகீழாக மாட்டிவிடுவார்கள், உட்காரும் இடத்தில் தூசி படியாது. மோட்சத்தில் அழுக்கு இல்லை என்று மதர் ஆன் சொன்னதாகச் சொல்வார்கள்.

உங்களுக்கு ரொம்பப் பிடிக்கப்போவது முட்டை வடிவப் பெட்டி. மேப்பிள் மரத்தை மெல்லிய பட்டையாகச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து, அச்சில் சுற்றி வளைப்பார்கள். பட்டையின் நுனியை நேராக வெட்டாமல் விரல் விரலாக வெட்டுவார்கள். நேராக வெட்டினால் மரம் சுருங்கும்போது அந்த இடம் தூக்கிக்கொள்ளும், விரலாக இருந்தால் தனித்தனியாக அசைந்து கொடுக்கும். அடிக்கிற ஆணி செம்பு, இரும்பென்றால் துரு ஏறி மரம் கறுக்கும். சாபத்டே லேக்கில் பிரதர் டெல்மர் வில்சன் என்பவர் இந்த வகையில் கைப்பிடி வைத்த தையல் பெட்டிகள் செய்தார். 1923-இல் எடுத்த ஒரு படம் உண்டு: ஒரே குளிர்காலத்தில் செய்த 1,083 பெட்டிகள் அடுக்கி வைத்திருக்க, பக்கத்தில் அவர். ஆப்பிள் தோட்டம் போட்டதும் அவர்தான். 1961-இல் இறந்தார். அந்தக் காலம் போல இன்று அங்கே மரச்சாமான் தொழில் இல்லை.

இனி நீங்கள் டீச்சரம்மாவுக்குச் சொல்ல வேண்டியது. சிஸ்டர் மில்ட்ரெட் பார்க்கர் என்று ஒருவர் இருந்தார். தகப்பன் இறந்தபின் ஏழு வயதில் ஷேக்கர்களிடம் விடப்பட்டவர். சாகக் கிடந்த ஒரு மூத்த சகோதரி அந்தச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, நீ ஷேக்கராக ஆவாய் என்று வாக்குக் கொடு என்றாராம். கொடுத்தது. அந்த வாக்கு என்ன என்று புரிந்துகொள்ளவே வாழ்நாள் பிடித்தது என்பார். நூற்றுக்கணக்கான பாட்டுகளைக் கேட்டுக் கேட்டே மனதில் வைத்திருந்தவர், அதற்காக 1983-இல் அமெரிக்க அரசு விருது கொடுத்தது. 1990-இல் போய்ச் சேர்ந்தார். ஷேக்கர் மரச்சாமான்கள் பெரிய விலைக்கு ஏலம் போன காலம் அது. கடைசியில் என்னை ஒரு நாற்காலியாகத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது என்று அலுத்துக்கொண்டவர் அவர்தான்.

இழைப்புளி, கோவை:

இப்ப கோயமுத்தூர்ல சமையல்கட்டுக் கதவாவும் ஆயிட்டாங்க பாருங்க.

நேத்து டீச்சரம்மா வீட்டுக்குப் போய், ஜெர்மன் கம்பெனின்னு சொன்னது பொய்ங்கம்மான்னு சொல்லிட்டேன். சிரிச்சுட்டு, பில்டர் காபி போட்டுக் குடுத்து முழுக்கக் கேட்டாங்க. மேல் அலமாரிக்கு ரெண்டு கதவை மட்டும் நெச மரத்துல, காடி எடுத்து செஞ்சு தர்றியான்னாங்க. போர்டுக்குச் சொன்ன ரேட்லயே செய்யறேன்னு வாயை விட்டுட்டேன். மாரி திட்டறான்.

அந்த ஏழரை மணியைக் கணக்குப் போட்டுப் பார்த்தோமுங்க. இங்க சாயங்காலம் அஞ்சு. எங்களுக்கு டீ வர்ற நேரம். நேத்து டீக்காரப் பையன் சைக்கிள் பெல் அடிச்சதும் சின்னவன் "அண்ணா, அங்க மணி அடிச்சிருப்பாங்க"ங்கறான்.

பனிமல்லி, மெய்ன்:

அடித்திருப்பார்கள். நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவோம், அதற்கப்புறம் உங்களுக்கு ஆறு மணி. சின்னவனிடம் சொல்லிவையுங்கள்.